சிவப்புக் கொடியும் பிரைட்டன் சாலையும்

பழம்பொருள் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கோயில்கள், கல்வெட்டுகள், ஓலைச்சுவடிகள், நாணயங்கள் முதலியனவே. இயந்திரங்களை நாம் அந்த வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. ஓடும்வரை ஓட்டி, ஓய்ந்தபின் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதே உலக வழக்கம். ஆயினும் இங்கிலாந்தில் ஒரு சாலை உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள், நூற்றிருபது வயதைக் கடந்த மோட்டார் வண்டிகள் அதன்மேல் தம் சொந்த ஆற்றலால் ஓடுகின்றன. இலண்டனில் தொடங்கிக் கடற்கரை நகரமாகிய பிரைட்டனில் முடியும் அந்தப் பயணத்தின் வேரைத் தேடிச் சென்றால், ஒரு சட்டத்தில் போய் நிற்போம்.

1865ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சாலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் இயற்றியது. பெட்ரோலால் இயங்கும் கார் அப்போது பிறக்கவே இல்லை. சட்டத்தின் இலக்கு கனத்த நீராவி வண்டிகளே. அவை சாலைகளைச் சிதைத்தன. குதிரைகளை மிரளச் செய்தன. ஆகவே, நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் என்று வேகத்திற்கு எல்லை வகுத்தனர். வண்டியை நடத்த மூவர் வேண்டும்; அவருள் ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி 60 கெச தூரம் முன்னால் நடந்து செல்லவேண்டும். மனிதன் நடக்கும் வேகத்திற்குமேல் இயந்திரம் போகலாகாது என்பதே இதன் பொருள்! 1878இல் இவ்விதி ஓரளவு தளர்ந்தது. கொடி கட்டாயம் என்ற நிலை நீங்கியது. முன்நடப்பவரின் தூரமும் 20 கெசமாகக் குறைந்தது. ஆயினும் ஆள் முன்னால் நடந்தேயாகவேண்டும் என்பது மாறவில்லை.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886இல் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சு நாட்டார் 1895இல் பாரிசிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் நெடும்பந்தயத்தையே நடத்திவிட்டனர். இங்கிலாந்திலோ, 1896 ஜனவரியில் வால்ட்டர் ஆர்னல்டு என்பவர் கெண்ட் மாவட்டத்துப் பாடக் வுட் என்னும் ஊரில் மணிக்கு 8 மைல் வேகத்தில் சென்றார் என்பதற்காக, ஒரு காவலர் மிதிவண்டியில் துரத்திச்சென்று அவரைப் பிடித்தார். வேகக் குற்றத்திற்கு நீதிமன்றம் விதித்த தண்டம் ஒரு ஷில்லிங். தொழிற்புரட்சியின் தாயகம் என்று பாடநூல்கள் போற்றும் நாட்டில் நிகழ்ந்தது இது.

அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்தது. 3 டன்னுக்குக் குறைந்த வண்டிகளுக்கு முன்நடப்பவர் வேண்டா என்றாயிற்று. சட்டம் அனுமதித்த உச்ச வேகம் மணிக்கு 14 மைல். அதிகாரிகள் அதையும் 12 ஆகக் குறைத்துக்கொண்டனர். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1896 நவம்பர் 14. (நம் சிங்கப்பூர்த் தெருவில் முதல் மோட்டார் வண்டி ஓடியதும் அதே 1896இல்தான். பழைய சிங்கப்பூரின் வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் பர்ட்டன் பக்லியின் பென்ஸ் வண்டி அது. அதன் இரைச்சலைக் கேட்ட மக்கள் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்று பெயர் சூட்டினர்.)

அந்த நவம்பர் நாளைக் கொண்டாட முன்வந்தவர் ஹாரி லாசன் என்ற வணிகர். காலையில் இலண்டன் விடுதி ஒன்றில் விருந்து நடந்தது. அங்கே வின்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கட்டாயம் நீங்கிய கொடியைத்தான் அவர் கிழித்தார் என்பதை வரலாற்று மாணவர் நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் மழையிலும் சேற்றிலும் முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டன. ஏறத்தாழப் பாதி வண்டிகளே பிரைட்டனை எட்டின. அவற்றுள்ளும் ஒரு மின்சார வண்டி இரயிலில் ஏறி வந்தது என்றும், பயணக் களைப்புத் தோன்றுமாறு அதற்குச் சேறு பூசப்பட்டது என்றும் அந்நாளிலேயே பேச்சு எழுந்தது.

லாசனைப் பற்றி ஒரு சொல் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. மிதிவண்டியின் வளர்ச்சியில் அவருக்குப் பங்குண்டு. இங்கிலாந்தில் டைம்லர் நிறுவனம் தோன்றக் காரணமானவரும் அவரே. ஆனால் காப்புரிமைகளை வாங்கிக் குவித்து, நிறுவனங்களை அடுக்கடுக்காகத் தொடங்கிப் பங்குகளை விற்பதே அவருடைய உண்மைத் தொழில். 1904இல் மோசடிக்காகக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பிரைட்டன் பயணமும் அவருக்கு ஒரு விளம்பரமே. இத்தகைய தொடக்கம் உடைய ஒரு நாள் பிற்காலத்தில் பெருமைக்குரிய மரபாக மாறியது என்றால், அப்பெருமை லாசனுக்கு உரியதன்று. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த வண்டிகளைத் தேடி எடுத்தவர்களுக்கே உரியது.

1927இல் ஓர் ஆங்கில நாளிதழ் அப்பயணத்தை மீண்டும் நடத்தியது. அதற்குள் பழைய வண்டிகள் கேலிப்பொருளாகிவிட்டன. கிழட்டுக் குதிரைகளைக் குறிக்கும் சொல்லாலேயே மக்கள் அவற்றை அழைத்தனர். மாட்டுக்கொட்டிலிலும் கொல்லன் பட்டறையிலும் குப்பைமேட்டிலும் கிடந்தவற்றை வெளியே இழுத்து, துரு நீக்கி, ஓட வைத்தவர்களை உலகம் பித்தர் என்றே எண்ணியது. 1930 முதல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இப்பயணத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறது. அதே ஆண்டில் பிரைட்டனில் பழங்கார் கழகமும் தோன்றியது. போர்க்காலத்திலும், பெட்ரோல் பங்கீடு நிலவிய 1947இலும், கொள்ளைநோய் பரவிய 2020இலும் பயணம் நின்றது. மற்றபடி நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு வந்தால் சாலையோரத்தில் மக்கள் கூடிவிடுகின்றனர்.

இப்பயணத்தில் சேர, வண்டி 1904ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்டிருக்கவேண்டும். எளிய விதியாகத் தோன்றும் இதுவே ஆராய்ச்சிக்கு வித்திட்டது. 1905இல் விற்கப்பட்ட வண்டி அதற்கு முந்திய ஆண்டில் உருவானதா? பொறியில் பொறித்த எண் என்ன? அடிச்சட்டத்தின் எண் அதனோடு பொருந்துகிறதா? தொழிற்சாலையின் ஏடுகள் என்ன கூறுகின்றன? ஒரு நெம்புகோலின் வடிவமும் சான்றாகிறது. கல்வெட்டு அறிஞர் எழுத்தின் அமைப்பை நோக்கிக் காலத்தைக் கணிப்பதற்கு இது சற்றும் குறைந்ததன்று. சான்று போதாமல், ஆண்டுக்கணக்கில் ஓடிவந்த வண்டியே வயது குறைந்தது என்று விலக்கப்படுவதும் உண்டு.

இனி, இவற்றை ஓட்டுவது எத்தகைய வேலை என்று பார்ப்போம். சாவியைத் திருப்பினால் உறுமும் கார் அன்று. கைப்பிடியைச் சுழற்றியே இயந்திரத்தை உயிர்ப்பிக்கவேண்டும். தீப்பொறி தோன்றும் நேரத்தைப் பின்தள்ளி வைக்க மறந்தால் கைப்பிடி எதிர்த்திசையில் திரும்பி மணிக்கட்டை முறித்துவிடும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் மின்பொறியே கிடையாது. சிறு விளக்கு ஒன்று பிளாட்டினக் குழாயைச் செக்கச்செவேல் எனக் காய்ச்சும். அந்த வெப்பமே உருளைக்குள் எரிகலவையைப் பற்றவைக்கும். பலத்த காற்றடித்தால் விளக்கு அணையும்; வண்டியும் நிற்கும். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, உறுப்புகளை நனைத்துவிட்டுச் சாலையில் சிந்தும். எத்தனை மைலுக்கு எத்தனை சொட்டு என்பதை ஓட்டுநரே அறிந்திருக்கவேண்டும். சிலவற்றில் திருப்புவதற்குச் சக்கரம் இல்லை, படகின் சுக்கான் போன்ற ஒரு கோலே உண்டு. தடைகளோ மழையில் வழுக்குபவை. பிரைட்டனுக்கு முன்னுள்ள மேடு வந்ததும் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. இது பந்தயமன்று, சராசரி வேகம் மணிக்கு 20 மைலை மீறலாகாது. குறித்த நேரத்திற்குள் வந்து சேர்ந்தவர்க்கு ஒரு பதக்கம், அவ்வளவே.

தேய்ந்த உறுப்புக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. அச்சு வார்க்கவேண்டும், பல்சக்கரம் கடையவேண்டும், மரச்சக்கரத்திற்கு ஆரம் செதுக்கவேண்டும். இங்கேதான் அறிஞர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். உறுப்பு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எஞ்சுவது பழைய வண்டிதானா? ஓட்டுவதே அதன் பழமையை அழிக்கிறதே, அருங்காட்சியகத்தில் அசையாமல் வைப்பதன்றோ முறை? ஒதுக்கக் கூடாத கேள்விதான். 1952இல் பியூலி என்னும் ஊரில் மாண்டேகு பிரபு தம் தந்தையின் நினைவாக மாளிகைக் கூடத்தில் ஐந்து வண்டிகளை வைத்துத் தொடங்கிய காட்சியகம் பின்னர்த் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாக வளர்ந்தது. அதன் தொண்டு பெரிது. எனினும், குழாய் எந்த நிறம் வரும்வரை காயவேண்டும், எந்த ஓசை கேட்டால் எண்ணெயைக் கூட்டவேண்டும் என்ற அறிவு கண்ணாடிப் பேழைக்குள் தங்காது என்பதே என் கருத்து. அது கையிலிருந்து கைக்கு மாறுவது. ஓட்டுவோர் இல்லாத தலைமுறை ஒன்று வந்துவிட்டால், வண்டி எஞ்சும், வித்தை போய்விடும்.

மக்களின் மனத்தை மாற்றியதில் ஒரு திரைப்படத்திற்கும் பங்குண்டு. 1953இல் வெளிவந்த 'ஜெனிவீவ்' என்னும் நகைச்சுவைப் படத்தில், பிரைட்டன் சென்ற இரு நண்பர்கள் திரும்பும் வழியில் பந்தயம் கட்டி ஓடுகின்றனர். 1904ஆம் ஆண்டின் டராக் வண்டியே படத்தின் தலைவி எனலாம். அதன்பின் பழங்காரைக் கேலி செய்தவர்களும் அதைத் தேடத் தொடங்கினர்.

இன்றும் நவம்பர் வைகறையில் இலண்டன் ஹைடு பூங்காவில் வண்டிகள் வயது வரிசையில் நிற்கின்றன. மூத்தவை முதலில். கதிரவன் எழும் வேளையில் ஒருவர் சிவப்புக் கொடியைக் கிழிக்கிறார். 1878இலேயே கட்டாயம் நீங்கிய கொடிதானே என்று முணுமுணுக்கும் வரலாற்றாசிரியனின் குரலைக் கூட்டத்தின் கைதட்டல் விழுங்கிவிடுகிறது. புகை சூழ, முதல் வண்டி கடகடவென்று நகர்கிறது.