நெய்யும் பொன்னும்: பண்டை மாற்றுமுறையும் நீலமலை வாழ்வும்

பத்துப்பாட்டுள் பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை என்னும் இரண்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியன. முன்னதில் ஆய்மகள் ஒருத்தி வருகின்றாள். மோரைக் கொடுத்துப் பெற்ற உணவால் அவள் தன் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையும் ஆவும் கொள்கின்றாள். பின்னதில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வருகின்றனர். அவர்கள் மிகுதியாகக் கொள்வதும் குறைவாகக் கொடுப்பதும் இலர். ஒரே புலவர் காட்டும் இவ்விரு காட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், இக்காலச் சமுதாயத்தைப் பற்றிய உண்மை ஒன்று புலனாகும் என்பது எம் கருத்து.

பண்டமாற்று, நாணயம் பரவாத காலத்துக் குறைபட்ட முறை என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆடம் சுமித் 1776இல் வெளியிட்ட நூலும் மாற்றின் இடர்ப்பாட்டிலிருந்தே பணத்தின் தோற்றத்தை விளக்குகின்றது. ஆயின், நம் ஆய்மகள் பொன்னை அறியாதவள் அல்லள், அறிந்தே மறுக்கின்றாள். பொன் கைம்மாறிச் செல்வது. எருமையோ ஈன்று பெருகுவது. தன் வாழ்வை மீண்டும் விளைவிப்பது எதுவோ அதனையே அவள் விலையாகக் கேட்கின்றாள். பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் மீன்நெய்க்கும் நறவுக்கும் மாறப்படுவதும், புறநானூற்று 33ஆம் பாட்டில் வேட்டுவன் தந்த ஊனுக்கும் ஆய்மகள் தந்த தயிருக்கும் உழவர் மகளிர் நெல் தருவதும் இவ்வகையினவே. இவற்றில் திணைக்குத் திணை பொருள் மட்டுமன்றி உறவும் மாறுகின்றது.

இதனை ஏட்டளவில் நிறுத்தாது வாழ்விடை வைத்து ஆராய இடந்தருவது நீலமலை. லவ்டேலின் அருகே நின்று கேத்திப் பள்ளத்தாக்கை நோக்குவார்க்குப் படகர் ஹட்டிகளும், படிப்படியான காய்கறி நிலங்களும், தேயிலைச் சரிவுகளும் தோன்றும். இம்மலையில் தோடர் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் தந்தனர். படகர் சாமை முதலிய தானியம் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் இசையும் தந்தனர். குறும்பர் தேன் முதலிய காட்டுப் பொருள் தந்தனர். ஒரு குடும்பத்திற்கும் மற்றொரு குடும்பத்திற்கும் தலைமுறை தலைமுறையாக இவ்வுறவு நிலவிற்று. ரிவர்சு 1906இல் தோடரைப் பற்றி எழுதிய நூலும், பின்னர் மாண்டல்பாம் செய்த ஆய்வுகளும் இதனை விரித்துரைக்கின்றன.

இதனைப் பொற்காலம் என்று புனைதல் பொருந்தாது. கோத்தர் தாழ்வாக நடத்தப்பெற்றனர். குறும்பர் மாயவித்தை செய்வார் எனும் அச்சத்தால் கொல்லப்பட்டதும் உண்டு. சங்கப் பாக்களும் பசியை மறைப்பன அல்ல. புறநானூற்றுப் புலவர் பலர் தம் வறுமையைப் பாடியுள்ளனர். எனினும், கொள்வோனும் கொடுப்போனும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பது மறுக்க இயலாதது.

1819இல் கோயமுத்தூர்க் கலெக்டர் சான் சல்லிவன் மலையேறினார். அதன்பின் தோடரின் மேய்ச்சல் நிலம் விலைக்குரிய பொருளாயிற்று. பிரிட்டிசுப் படைவீரர் மக்களுக்காக 1858இல் உதகையில் தொடங்கப்பெற்ற லாரன்சு பள்ளி, பின்னர் லவ்டேலில் நிலைபெற்றது. குன்னூரிலிருந்து உதகை வரை மலைப்பாதை 1908இல் நீண்டது; லவ்டேலும் ஒரு நிலையமாயிற்று. காட்டு மரங்களும் தோட்டப் பயிர்களும் புல்வெளியைக் குறுக்கின. நிலம், உழைப்பு, பணம் ஆகிய மூன்றும் விற்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. அவற்றைப் பண்டமாகக் கொள்வது கற்பனையே என்று கார்ல் பொலானி 1944இல் எழுதினார். அக்கற்பனை மெய்யான வரலாற்றுக்கு நீலமலை தக்கதோர் சான்றாகும்.

தானியம் விளைந்த நிலத்தில் தேயிலை விளையத் தொடங்கியபோது மாற்றம் நிறைவெய்திற்று. இங்குதான் ஆய்மகளை நினைத்தல் வேண்டும். அவள் பொன்னை மறுக்க இயன்றது ஏன்? மோரால் சுற்றம் பசியாறிவிட்டது. நெய்யோ கெடாது காத்திருக்கும். எனவே, விலை பேசும் வலிமை அவளிடம் இருந்தது. தேயிலை பயிரிடும் சிறு விவசாயிக்கு இவ்விரண்டும் இல்லை. பச்சைத் தேயிலை உண்ணும் உணவன்று; பறித்த அன்றே தொழிற்சாலை சேராவிடின் பயன்படாது. கேத்தியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளைய மண்டியின் விலையை எதிர்நோக்குகின்றன. தேயிலையோ ஏலத்தை எதிர்நோக்குகின்றது. நீலமலைத் தேயிலையைப் பெரிதும் கொண்ட சோவியத் நாடு 1991இல் சிதைந்தது. 1990களின் இறுதியில் விலை வீழ்ந்தபோது சிறு விவசாயிகள் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது. விலை குறைவெனின் விற்கமாட்டேன் என்னும் சொல் அவர்தம் வாயினின்று எழ வழியில்லை.

ஆகவே, ஆய்மகளின் அறம் இன்று அடைபட்ட வழி. எஞ்சி நிற்பது பட்டினப்பாலை வணிகரின் அறமே. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் எனத் திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் கூறுவதும் இதுவே. தேயிலை விற்பனை வருவாயைத் தொழிற்சாலையும் விவசாயியும் இன்ன அளவிற் பகிர்தல் வேண்டும் என 2003ஆம் ஆண்டின் ஆணை வகுத்தது. புலவர் இயல்பெனப் பாடியதை நாம் ஆணையால் நிறுவ வேண்டியதாயிற்று. பட்டினத்து வணிகர் கொடுப்போர் முகத்தைக் கண்டனர். தேநீர் பருகுவோர் இலை பறித்தார் முகத்தைக் காணார். முகம் காணா இடத்தில் அறத்திற்குக் காவல் சட்டமே.

பண்டைய மாற்றுமுறைக்கு மீளுதல் இயலாது. மீள விழைதலும் தகாது. ஆயினும், ஒரு விலை நேரியதா எனக் காண எப்பொருள் என்ன விலைக்குப் போயிற்று எனக் கேட்டல் மட்டும் போதாது. விற்பவர்க்கு விற்க மறுக்கும் உரிமை உண்டா எனவும் கேட்டல் வேண்டும். பொன்னை மறுத்த அவ்வாய்மகள் நமக்கு விட்டுச் சென்ற வினா இதுவேயாம்.