தொடை எலும்பு முறிவு, குழந்தைகளில்

உடலின் மிக நீண்ட எலும்பான தொடை எலும்பின் தண்டுப் பகுதி பிள்ளைப் பருவத்தில் முறிவதும் அதற்குரிய சிகிச்சையும். விழுதல், சாலை விபத்து ஆகியவை வழக்கமான காரணங்கள்; நடை பழகாத சிசுவுக்கு முறிந்திருந்தால் யாரேனும் அடித்தார்களா என்றும் மருத்துவர் விசாரிப்பார். சிறுவர் எலும்பு பெரும்பாலும் எப்படியும் கூடிவிடும். கூடும்வரை பிள்ளையை அசையாமல் வைத்திருக்கக் கையாண்ட வழிகளே இச்சிகிச்சையின் வரலாறு.

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் கட்டு, முறிச்சல், கொம்பு கட்டல் ஆகியவை அடங்கும். கொம்பு என்பதை மூங்கில் சிம்பு எனக் கொள்வோர் உண்டு; விலங்கின் கொம்பு என்பாரும் உண்டு. தெற்கே வர்ம ஆசான்மாரும், வடக்கே சித்தூர்ப் பக்கத்துப் புத்தூர்க்காரர்களும் எலும்பு கட்டுவதில் பெயர் பெற்றனர். வேட்டையில் அடிபட்ட முயலை இலையில் சுற்றி வைக்க, ஒடிந்த கால் கூடியிருந்ததாம். புத்தூர் வைத்தியம் இப்படித் தொடங்கியதாகச் சொல்வார்கள். பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் சிம்பு, துணி இவையே சரக்கு. 'புத்தூர் கட்டு' என்ற பலகை இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தொங்குகிறது. கை முறிவுக்கு ஈடுகொடுக்கும் கட்டு தொடைக்குத் திணறும்: அங்குள்ள வலிய தசைகள் முறிந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துக் காலைக் குட்டையாக்கும். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகும் ஆபத்தும் உண்டு.

தசைகளின் அந்த இழுப்புக்கு எதிரிழுப்புக் கொடுத்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. லண்டன் மருத்துவர் தாமஸ் பிரையன்ட் பெயரால் வழங்கும் முறையில், சிறு குழந்தையின் இரு கால்களையும் செங்குத்தாகத் தூக்கிக் கட்டி, பிட்டம் படுக்கையிலிருந்து சற்றே எழும்படி விடுவார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) 1875இல் நூலில் விளக்கிய இரும்புச் சட்டம் வந்தது. அவர் அதை முதலில் முழங்கால் நோய்க்கென்றே அமைத்தார். தாமஸும் எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவர்தான். அவருடைய முன்னோர், 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவருகே கப்பல் உடைந்து கரை சேர்ந்த, மொழி புரியாத ஒரு சிறுவன். அவன் ஸ்பெயின்காரன் என்றும் வேறு நாட்டான் என்றும் கூறுவர். அவன் முதலில் கட்டியது பறவை, விலங்குகளின் கால்களுக்காம். முயல் கதைக்கு அங்கும் ஒரு பங்காளி. தாமஸ் இளமையில் மருத்துவப் பட்டயம் பெற்றும் எந்த மருத்துவமனையிலும் பதவி வகித்ததில்லை. அவருடைய மனைவியின் சகோதரர் மகன் ராபர்ட் ஜோன்ஸ் இச்சட்டத்தை முதல் உலகப் போருக்குக் கொண்டுசென்றார். தொடை முறிந்த வீரர்களின் இறப்பு 80 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கியதாக நெடுங்காலம் எழுதி வந்தனர். இவ்வெண்கள் பிற்காலத்தில் கேள்விக்குள்ளாயின.

டச்சு மருத்துவர் அன்டோனியஸ் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் கண்ட மாவுக்கட்டு, இடுப்பைச் சுற்றிய 'ஸ்பைக்கா'வாக இன்றும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையினருக்கு முதல் தேர்வாக உள்ளது. மார்பின் கீழிருந்து பாதம் வரை மூடி, மலசலம் கழிக்க மட்டும் வழி விட்ட கட்டு. பிள்ளையைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றுவதே பெரும்பாடு. முறிந்த எலும்பு அடுத்த ஓரிரு ஆண்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்வதால், சிறிது குட்டையாகக் கூடினாலும் மருத்துவர் பதறுவதில்லை.

நாட்டு மரபும் மேலை மரபும் ஒரே ஊரில் கிடைப்பதும் உண்டு. திருநெல்வேலியின் பேட்டைப் பிள்ளைக்கு இரு மரபின் கல்லூரிகளும் தாமிரபரணிக்கு அக்கரையில், பாளையங்கோட்டையில்: அரசு சித்த மருத்துவக் கல்லூரி (1964), திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி (1965).

பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் 1980களில் பரப்பிய வளையும் கம்பி, அறுவையைப் பள்ளி வயதினருக்கு வழக்கமாக்கியது. முழங்காலுக்கு மேல், வளர்ச்சித் தட்டைத் தொடாமல், இரு பக்கமிருந்தும் இரு மெல்லிய கம்பிகள் நுழையும். உள்ளே எதிரெதிராக வளைந்து எலும்பைத் தாங்கும். சில மாதம் கழித்து அவற்றை எடுக்க மீண்டும் அறுவை வேண்டும்.

கட்டா அறுவையா எது மேல் என்ற கேள்வியை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் விரிஷா மாதுரி குழுவினர் 2014இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் எடுத்துக்கொண்டனர். பத்துச் சோதனைகள், ஐந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். 4 முதல் 12 வயதினரில் அறுவையால் கோணலாகக் கூடுவது குறைகிறது. கடும் பக்கவிளைவு கூடக்கூடும். நெடுங்கால நடமாட்டத்தில் எது மேல் என்று சொல்லச் சான்று போதாது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதையொட்டிய ஆண்டுகளில், ஒரு காலை மட்டும் பொதிந்து பிள்ளையை நடக்கவிடும் மாவுக்கட்டும் சோதிக்கப்பட்டுள்ளது.