காற்றில் மிதந்த கார், காலையில் தரையில்!

1957-ல் அமெரிக்காவில் ஒரு காடிலாக் எல்டொராடோ ப்ரோஹம் காரின் விலை 13,074 டாலர். அந்தப் பணத்தில் அதே வருடத்து செவர்லே கார்கள் ஐந்து வாங்கலாம். கூரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே சென்ட் பாட்டில், காந்தத்தில் ஒட்டி நிற்கும் டம்ளர்கள்... (யாருக்குத் தேவையோ!) ஆனால் இத்தனை விலை கொடுத்து வாங்கியவர் காலையில் ஷெட்டைத் திறந்தால், சில நாள் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும்.

காரணம், அதன் ஏர் சஸ்பென்ஷன். சக்கரத்துக்கு மேல் இரும்பு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்று அடைத்த ரப்பர் அறை. கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தரும். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் வால்வு காற்றை உள்ளே விட்டு பழைய உயரத்துக்குத் தூக்கும், இறங்கினால் வெளியே விடும். கேட்க எவ்வளவு எளிது!

ஜெனரல் மோட்டார்ஸுக்கு இது புதிதும் அல்ல. 1953-லேயே தங்கள் பஸ்களில் வைத்து நன்றாக ஓட்டிக்காட்டியிருந்தார்கள். அந்த தைரியத்தில் 1958-ல் செவர்லேயில் இருந்து ப்யூக் வரை எல்லா கார்களுக்கும் கூடுதல் பணத்துக்குத் தந்தார்கள். ஃபோர்டும் பின்னாலேயே வந்தது.

பஸ்ஸில் ஓடியது காரில் ஏன் படுத்தது? பஸ் தினமும் ஓடுகிறது, தினமும் டிப்போவுக்குத் திரும்புகிறது. பிரேக்குக்கே காற்றை நம்பியிருக்கும் வண்டி என்பதால் அங்குள்ள மெக்கானிக்குக்கு காற்றுக் குழாய் பழகிய விஷயம். காரோ நாள்கணக்கில் சும்மா நிற்கும். நுணுக்கமான கசிவு ஒன்று போதும், ராத்திரிக்குள் இறங்கிவிடும். போதாததற்கு, அழுத்திய காற்றில் ஈரம் சேரும். குளிர்காலத்தில் அது குழாயிலும் வால்வுகளிலும் உறைந்துகொள்ளும்.

பழுதைத் தேடும் முறை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்து ரப்பர், வால்வு, இணைப்புகள் மேல் சந்தேகம். சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும், சைக்கிள் கடையில் ட்யூபை தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான். இன்ஜினை ஓடவிட்டும் வண்டி முழுவதும் எழும்பவில்லை என்றால் கம்ப்ரஸர் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் நேற்று வரை ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு இதெல்லாம் புதுசு. ஒரு கசிவை அடைத்தால் அடுத்த மாதம் வேறொன்று.

கடைசியில் கிடைத்த தீர்வு விநோதமானது. பழுதைக் கண்டுபிடிப்பதற்குப் பதில் மொத்த அமைப்பையும் கழற்றிவிட்டு சாதாரண காயில் ஸ்பிரிங் மாட்டினார்கள்! அதற்கான சாமான்களை கம்பெனியே கொடுத்தது. 1957, 1958 இரண்டு வருடங்களிலும் சேர்த்து தயாரான ப்ரோஹம் 704 தான். அவற்றிலும் பல ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டதால், ஒரிஜினல் காற்றோடு இருக்கும் வண்டி இன்று அபூர்வம்.

1960-க்குப் பிறகு அமெரிக்க கார்களில் இந்தப் பேச்சே அடங்கிப்போனது. மறுபடி வந்தது 1984-ல், லிங்கன் கான்டினென்டல் மார்க் VII காரில். இந்த முறை உயரத்தை அளக்க சென்ஸார், காற்றை விட கம்ப்யூட்டர். சில வருடங்களில் அதன் ரப்பரும் வெடிப்பு விட்டது. அந்தக் காருக்கும் காயில் ஸ்பிரிங் கிட் கடைகளில் விற்பனைக்கு வந்தது!