நுரைக்காத தண்ணீர்: லண்டனும் கிளாஸ்கோவும்



நம் வீட்டுப் பைப்பைத் திறந்து கையில் சவர்க்காரம் தேய்த்தால் உடனே நுரை வருகிறது. அதனால்தான் 'கடின நீர்' என்ற பாடம் நம் பிள்ளைகளுக்கு வெறும் வரையறையாகவே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுக்குப் போய், போர்த் தண்ணியில் தலைக்குக் குளித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் விஷயம் புரியும். ஆனால் இந்த வரையறைக்குப் பின்னால் நாடாளுமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. வேதியியல் மாணவர்களைப் போலவே வரலாறு படிப்பவர்களும் அதைத் தெரிந்துகொள்ளலாம்.

லண்டனில் தொடங்குவோம். தேம்ஸ் ஆறு சுண்ணப் பாறை நிறைந்த நிலத்தில் ஓடி வருகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, அந்தப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அப்படித்தான் கால்சியம் பைகார்பனேட் தண்ணீரில் சேருகிறது. கொதிக்க வைத்தால் அது பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். லண்டன் கெட்டில்களின் உள்ளே வெள்ளையாக ஓடு கட்டுவது இதனால்தான்.

சவர்க்காரத்துக்கு என்ன ஆகிறது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவு என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் இன்றைக்கும் ஏறக்குறைய அந்த அளவுதான். அப்படியானால் ஒரு லிட்டரில் 3 மில்லிமோல் கால்சியம் இருக்கிறது. ஒவ்வொரு கால்சியம் அயனியும் இரண்டு ஸ்டியரேட் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். சோடியம் ஸ்டியரேட்டின் மோலார் நிறை 306. ஆக, லிட்டருக்குச் சுமார் 1.8 கிராம் சவர்க்காரம் அழுக்கைத் தொடுவதற்கு முன்பே சாம்பல் நிறக் கசடாகப் போய்விடும். 20 லிட்டர்த் தொட்டி என்றால் ஏறக்குறைய 37 கிராம். அதற்குப் பிறகுதான் முதல் நுரையே வரும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இதை 1840களின் ஏழைக் குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் சவர்க்காரத்துக்கு வரி இருந்த காலம் அது. 1853இல்தான் அந்த வரி எடுக்கப்பட்டது. கூலிக்குத் துணி வெளுக்கும் பெண்களுக்குச் சவர்க்காரமே பெரிய செலவு. சலவைச் சோடாவைக் கொட்டினால் கடினம் குறையும். ஆனால் துணியும் கையும் கெடும். வசதி இருந்தவர்கள் கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணியைப் பீப்பாயில் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் இரண்டு வேலைகள் செய்தார். முதலாவது, கடினத்தை அளக்க ஒரு வழி: அளந்த சவர்க்காரக் கரைசலைத் தண்ணீரில் விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்ப்பது. 'கிளார்க் பாகை' என்ற அலகு இப்படி வந்தது. ஒரு பாகை லிட்டருக்கு ஏறக்குறைய 14.3 மில்லிகிராம். இரண்டாவது, 1841இல் அவர் காப்புரிமை பெற்ற முறை. தண்ணீரில் உள்ள சுண்ணத்தை நீக்க, அதிலேயே சுண்ணாம்பு நீரைச் சேர்க்கச் சொன்னார்! கேட்க வேடிக்கையாக இருக்கும். சுண்ணாம்பு நீர் பைகார்பனேட்டைக் கரையாத கார்பனேட்டாக மாற்றுகிறது. சேர்த்த சுண்ணாம்பும் அதோடு சேர்ந்தே அடியில் படிந்துவிடுகிறது. தற்காலிகக் கடினத்துக்கு மட்டும்தான் இது சரிப்படும். கால்சியம் சல்பேட்டால் வரும் நிலையான கடினத்தை இது அசைக்காது.

லண்டனுக்குத் தண்ணீர் விற்ற தனியார் நிறுவனங்கள் இதில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. 1848-49இல் காலரா வந்து லண்டனில் சுமார் 14,000 பேரைக் கொன்றது. அடுத்து, எட்வின் சாட்விக் முன்னின்று நடத்திய பொதுச் சுகாதார வாரியம் 1850இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேம்ஸை விட்டுவிட்டு, சர்ரே பகுதியின் மணற்பாங்கான மேட்டு நிலங்களிலிருந்து மென்னீர் கொண்டுவரலாம் என்பது அதன் யோசனை. சவர்க்காரம் மிச்சமாகும், தேயிலை மிச்சமாகும் என்று வாதிட்டார்கள். பெயர் பெற்ற சமையல் நிபுணர் அலெக்சிஸ் சோயர்கூடச் சாட்சி சொன்னார், கடின நீரில் காய்கறி சரியாக வேகாது என்று. நம் வீட்டு அம்மாக்களுக்கு இது புதுசில்லை. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பது அவர்களுக்குத் தெரிந்ததே.

சொன்னது எல்லாம் சரி. ஆனால் மக்களைக் கொன்றது சுண்ணம் இல்லை, சாக்கடை. சாட்விக் நோய்க்குக் காரணம் துர்நாற்றக் காற்று என்று நம்பியவர். மருத்துவர் ஜான் ஸ்னோதான் 1849இலேயே தண்ணீரைச் சுட்டிக்காட்டினார். 1854இல் அவர் தென்லண்டனில் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டார். லாம்பெத் நிறுவனம் ஆற்றின் மேல்பகுதிக்கு மாறியிருந்தது. சதர்க்–வாக்ஸால் நிறுவனம் சாக்கடை கலக்கும் இடத்திலேயே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் தேம்ஸ் நீர், இரண்டும் கடின நீர். சாவு எண்ணிக்கையில்தான் பெரிய வித்தியாசம். தேர்வுத் தாளில் 'கடின நீர் அசுத்தமானது, நோய் தரும்' என்று எழுதும் மாணவர்களுக்கு இந்த ஒப்பீட்டைக் காட்டினால் போதும்.

நாடாளுமன்றம் சர்ரே திட்டத்தை ஏற்கவில்லை. 1852 சட்டப்படி தேம்ஸ் தண்ணீரை டெடிங்டனுக்கு மேலேதான் எடுக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் முன் வடிகட்ட வேண்டும். கடினம் அப்படியே இருந்தது. லண்டன்காரர்கள் இன்றும் கெட்டிலைச் சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிளாஸ்கோ வேறு வழியில் போனது. பொறியாளர் ஜான் பேட்மன் வகுத்த திட்டப்படி, கத்ரின் ஏரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கால்வாயும் சுரங்கமுமாக மலைத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். 1859 அக்டோபரில் விக்டோரியா அரசி திறந்துவைத்தார். கரையாத பாறைகளின் மேல் விழுந்த மழை அது, ஆகவே மிக மென்மையான நீர். மேலே போட்ட அதே 20 லிட்டர்க் கணக்கில், லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தால், வீணாகும் சவர்க்காரம் 2.5 கிராம்தான். 1854இல் அந்நகரில் காலராவால் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். 1866இல் 53 பேர். அதற்குக் காரணம் மென்மை அல்ல, தூய்மை. இரண்டும் ஒரே குழாயில் வந்ததால் மக்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் குழாய்? வீடுகளுக்குள் போனது ஈயக் குழாய். கடின நீர் ஓடும் குழாயின் உள்ளே கார்பனேட் படலம் படிந்து ஈயத்தை ஓரளவு மூடிவிடும். கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மென்னீருக்கு அந்தப் படலம் கிடையாது. அது ஈயத்தையே கரைக்கும். இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரைக் காலையில் முதலில் பிடித்துத் தேநீர் போடுகிறவர்களுக்கும், புட்டிப்பால் கலக்கும் தாய்மார்களுக்கும் அதுதான் வந்து சேரும். நிறமோ வாடையோ எதுவும் காட்டாது. மென்னீர் ஈயத்தைத் தாக்கும் என்பது வேதியியலாளர்களுக்குத் தெரியாத செய்தியும் அல்ல.

1978இல்தான் கிளாஸ்கோ தண்ணீரில் அமிலத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கினார்கள். 1989இல் ஆர்தோபாஸ்பேட்டும் சேர்த்தார்கள். அது ஈயத்தின் மேல் கரையாத படலமாகப் படியும். இரண்டுக்கும் பிறகு அந்நகரத் தாய்மார்களின் இரத்தத்தில் ஈய அளவு குறைந்தது. அதற்குள் 1859இல் குழாயைத் திறந்து மகிழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்திருந்தார்கள்.