பூட்டை உடைத்தவர்களும் பூட்ட மறந்தவர்களும்



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் போன் செய்து, "டேய், நீதானே ஹிஸ்டரி மேஜர், நம்ம மலருக்கு ஒரு கட்டுரை குடு. ஆனா அசோகர் மரம் நட்டார்னு ஆரம்பிச்சுடாதே" என்று கட்டளையிட்டான். அசோகரை விட்டுவிடுகிறேன். போர் அருங்காட்சியகங்களையும் கம்ப்யூட்டரையும் பற்றி எழுதுகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று புருவத்தை உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள்க.

என் அப்பாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்குப் பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று திரும்பி வந்த யாரோ சொன்னார்களாம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்த சயாம்-பர்மா ரயில் பாதை சுமார் 415 கிலோ மீட்டர். 1942-43ல் போட்டு முடித்தார்கள். அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. காரணம் என்ன தெரியுமா? கைதிகளாக இருந்த அதிகாரிகள் சிலர் உயிரைப் பணயம் வைத்து, யார் எந்த முகாமில் எந்தத் தேதியில் இறந்தார் என்று துண்டுக் காகிதங்களில் ரகசியமாக எழுதி வைத்தார்கள். ஆனால் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று லட்சக்கணக்கில் கொண்டுபோகப்பட்ட கூலிகளுக்கு அப்படி எழுதி வைக்க ஆளில்லை. எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கே மதிப்பீடுகள்தான் உண்டு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியல் 1998 முதல் இணையத்தில் கிடைக்கிறது. சுமார் 17 லட்சம் பெயர்கள். சின்னத் தாத்தா ராணுவ வீரர் அல்ல, அவர் பெயர் அதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க மக்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அதே ஆணையம் 2021ல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. அன்று எனக்கு ஒன்று உறைத்தது. எழுதப்படாத பெயரை யாராலும் மீட்க முடியாது. எழுதப்பட்ட பெயரையாவது தொலைக்காமல் இருக்க வேண்டாமா?

தொலைத்திருக்கிறார்கள் என்பதுதான் சரித்திரம். 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைடு தெருவில் இருந்த ராணுவ ஆவணக் கிடங்கின் மீது ஜெர்மன் குண்டு விழுந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் எரிந்து போயின. மிஞ்சியவற்றை இன்றும் 'எரிந்த ஆவணங்கள்' என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவில் போர்கூட வேண்டியிருக்கவில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயி நகரில் ராணுவப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் சாம்பலாயின. அவற்றுக்கு நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. பென்ஷனுக்கும் மருத்துவ உதவிக்கும் விண்ணப்பித்த பழைய சிப்பாய்கள், தாம் சிப்பாயாக இருந்ததை நிரூபிக்க அலைய வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் வந்ததும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் தீ என்ன செய்யும், கரையான் என்ன செய்யும்? லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், முதல் உலகப் போரில் ஈடுபட்ட 75 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இணையத்தில் தொகுத்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் 97 ஆண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்த பஞ்சாப் வீரர்கள் 3,20,000 பேரின் பதிவேடுகள் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு 2021ல் வெளிச்சத்துக்கு வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் தீயும் கரையானும் போன வாசலில் வேறொரு திருடன் வந்து நின்றான்.

அந்தத் திருடனைப் பற்றிச் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய 'எனிக்மா' என்ற சங்கேத இயந்திரம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை அமைக்கக்கூடிய வழிகள் ஏறத்தாழ 16 லட்சம் கோடிக் கோடி. உடைக்கவே முடியாது என்று நம்பினார்கள். ஆனால் 1932லேயே போலந்தின் ரெயெவ்ஸ்கி என்ற கணித மேதை அதன் உட்கட்டமைப்பைக் கண்டுபிடித்துவிட்டார். 1939 ஜூலையில், போர் மூளச் சில வாரங்களே இருந்த நேரத்தில், போலந்துக்காரர்கள் தங்கள் வித்தையை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் தாரை வார்த்தார்கள். அதன் மேல் கட்டியதுதான் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் முதலானோர் செய்த சாதனை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது உண்மை. எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறி வராது. ஆனால் அதைவிடப் பெரிய குறை அதை இயக்கிய மனிதர்கள். ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக ஒரு சாவிச் சொல் வைக்க வேண்டும் என்றால், 'ஏ ஏ ஏ' என்று வைப்பார்கள். விசைப் பலகையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துக்களை வைப்பார்கள். காதலி பெயரை வைப்பார்கள். வானிலை அறிக்கையைத் தினமும் ஒரே மாதிரி வார்த்தைகளில் அனுப்புவார்கள். 16 லட்சம் கோடிக் கோடிப் பூட்டு, சோம்பேறியின் கையில் சாதாரண நாதாங்கி ஆனது.

இந்த வெற்றியைக் கொண்டாடும் அருங்காட்சியகமாக பிளெட்ச்லி பார்க் 1990களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே என்ன நடந்தது தெரியுமா? 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, பட்டப்பகலில், பார்வையாளர் நேரத்தில், ஜெர்மன் உளவுத் துறையின் அபூர்வமான எனிக்மா ஒன்றை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். முட்டாள்கள் தினம் வேறு! பிறகு 25,000 பவுண்ட் கேட்டு மிரட்டல் கடிதம் வந்தது. அக்டோபரில் அந்த இயந்திரம், சக்கரங்கள் சில இல்லாமல், பி.பி.சி. தொலைக்காட்சியாளர் ஜெரமி பாக்ஸ்மன் மேசைக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. உலகத்தின் பூட்டையெல்லாம் உடைத்த இடத்தில் சொந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காக்க முடியவில்லை.

இனி இந்தக் காலத்துத் திருடன். 2023 அக்டோபர் 28 அன்று பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அது போர் அருங்காட்சியகம் அல்லதான். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத் துறைக் கோப்புகளும், பிரான்ஸ் போர்முனையிலிருந்து நம் நாட்டு வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தணிக்கை அதிகாரிகள் எடுத்து வைத்த பகுதிகளும் அங்கேதான் இருக்கின்றன. ரைசிடா என்ற கும்பல் 20 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 6 லட்சம் பவுண்ட், விலை வைத்தது. நூலகம் தர மறுத்தது. 600 ஜிகாபைட் அளவுக்கு ஊழியர், வாசகர் விவரங்களைக் கும்பல் வெளியில் கொட்டியது. புத்தகப் பட்டியல் மறுபடி இணையத்துக்கு வர 2024 ஜனவரி 15 ஆயிற்று, அதுவும் முழு வசதியோடு அல்ல. புத்தகமும் கோப்பும் அலமாரியில் பத்திரமாக இருந்தன. எந்த அலமாரி என்று சொல்லும் வாய்தான் அடைபட்டுப் போயிற்று.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் பிறப்பிலேயே ஒரு கோட்டை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலிப் ஓகுஸ்த் மன்னன் பாரிஸைக் காக்கக் கட்டியது. 2014ல் பிரெஞ்சு அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் அங்கே சோதனை போட்டபோது, கண்காணிப்புக் காமிரா சர்வரின் பாஸ்வேர்ட் 'லூவர்' என்று இருந்ததாம்! 2025 அக்டோபர் 19 நகைத் திருட்டுக்குப் பிறகு பத்திரிகைகள் இதை வெளியிட்டன. அந்தத் திருடர்கள் பாஸ்வேர்டைத் தொடவில்லை, ஏணி வண்டி வைத்து ஜன்னல் வழியாக வந்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் காதலி பெயரைச் சாவியாக வைத்த ஜெர்மன் சிப்பாய்க்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

சரி, எந்த அருங்காட்சியகத்தின் காவல் பலமானது, எது பலவீனமானது? வெளியிலிருந்தே இணைய வாசல்களைத் தட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் கம்பெனிகள் உண்டு. அது கோட்டையை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது போல. மதில் உயரம் தெரியும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தெரியாது. எனவே தரவரிசை போடுவதை விட்டு, எந்த அருங்காட்சியகத்தையும் ஒரே தராசில் வைக்க நான்கு கேள்விகள் கேட்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

முதல் கேள்வி: பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது பூட்டு உண்டா? பிரிட்டிஷ் நூலகத்தில் வெளியிலிருந்து வேலை பார்க்க 2020ல் வைத்த ஒரு சர்வருக்கு அது இல்லை. திருடன் வந்த வழி அதுவாகவே இருக்கலாம் என்கிறது நூலகத்தின் அறிக்கை.

இரண்டாவது: இணையத்தோடு ஒட்டாமல் தனியாக ஒரு நகல் உண்டா? செயின்ட் லூயி தீயில் இல்லாமல் போனது இதுதான். ஸ்கேன் செய்து சேமித்த படங்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தில் நகல் இருந்தது, பிழைத்தது. ஆனால் அவற்றைத் திறந்து காட்ட வேண்டிய பழைய மென்பொருள்கள் மறுபடி எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாவது: சாவி வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது? நன்கொடையாளர் பட்டியலை ஒரு கம்பெனியும், கண்காட்சிப் பட்டியலை இன்னொரு கம்பெனியும் வைத்திருக்கும். 2020ல் பிளாக்பாட் என்ற நிறுவனம் தாக்கப்பட்டபோது சுமார் 13,000 அமைப்புகளின் விவரங்கள் சிக்கின. 2023 டிசம்பரில் கேலரி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தாக்கப்பட்டபோது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் முதலானவற்றின் இணையப் பட்டியல்கள் இருண்டன. நம் வீட்டை நாம் பூட்டினாலும் பால்காரரிடம் ஒரு சாவி இருந்தால் அவர் வீட்டுப் பூட்டும் நம் கவலைதான்.

நான்காவது, சரித்திர மாணவனுக்கு மிக முக்கியமானது: யாராவது திருத்தினால் தெரியுமா? லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 12 கோப்புகளுக்குள் 29 போலிக் காகிதங்கள் செருகப்பட்டிருந்தது 2005க்குப் பின் வெளிப்பட்டது. ஹிம்லரை ஆங்கிலேயர் ரகசியமாகக் கொன்றார்கள் என்று நம்ப வைக்கும் சரக்கு. காகிதம் என்பதால் மையையும் தட்டச்சையும் சோதித்துப் பிடித்தார்கள். கம்ப்யூட்டர் பட்டியலில் ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை எழுதினால் எந்த மையைச் சோதிப்பது? யார், எப்போது, எதை மாற்றினார் என்ற குறிப்பு தனியே பதிவாக வேண்டும். போர் அருங்காட்சியகத்துக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. அங்கே ஒரு வரி மாறினால் வீரன் துரோகியாவான், துரோகி வீரனாவான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தயங்காமல் முதலிடம் தருவேன். பிரிட்டிஷ் நூலகம் 2024 மார்ச்சில் தன் தவறுகளைத் தானே அறிக்கையாக எழுதி உலகத்துக்கே வெளியிட்டது, மற்றவர்கள் படித்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. அடி வாங்கியதை மறைப்பவன்தான் மறுபடி அடி வாங்குகிறான் என்று நம் சரித்திரப் பேராசிரியர் பானிப்பட்டு யுத்தங்களை நடத்தும்போது சொல்வார். பின் பெஞ்சில் தூங்கிய நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். சென்ற சந்திப்புக்கு எல்லோரும் தேடி எடுத்துத் தந்த பழைய போட்டோக்களை ஒரே ஒரு லேப்டாப்பில் போட்டு வைத்தோம். அது பழுதானது. இப்போது நம்மிடையே இல்லாத ஏழு நண்பர்களின் ஹாஸ்டல் நாள் படமும் அதோடு போயிற்று. அந்த லேப்டாப்பை வைத்திருந்தவன் வேறு யாருமில்லை, இந்தக் கட்டுரையை எழுதும் அடியேன்தான். மற்றவனுக்கு உபதேசம் செய்யத் தகுதி இல்லை என்று தெரியும். அதனால்தான் உபதேசம் செய்கிறேன்.

இந்த ஆண்டு உறுப்பினர் பட்டியலையும் படங்களையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும், இரண்டை வெவ்வேறு ஊர்க்காரர் இருவர் வீட்டிலும் வைப்போம். பாஸ்வேர்டாகக் கல்லூரிப் பெயரை மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் படம் மிச்சம் வைத்திருப்பவர்கள் சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். படத்தின் பின்பக்கம் பெயர்களைப் பென்சிலால் எழுதிக் கொண்டு வாருங்கள். முகம் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் வேண்டும்.