செடிகளின் உறவுமுறை கண்ட ஜானகி அம்மாள்



வாய்க்கால் கரையில் மண்டிக் கிடக்கிற நாணலை நாம் களை என்றுதான் சொல்கிறோம். வெட்டிப் போட்டால் கூரைக்கு ஆகும், அதற்கு மேல் மதிப்பு இல்லை. ஆனால் இந்தியா முழுவதும் விளைகிற கரும்பின் உடம்பில் அந்த நாணலின் ரத்தம் ஓடுகிறது. இப்படிச் செடிக்கும் செடிக்கும் உள்ள உறவை மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தே ஆயுளைக் கழித்த ஓர் அம்மையாரைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன். அவர் பெயர் ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ம் தேதி மலபார் கரையில் தலைச்சேரியில் பிறந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணம். தகப்பனார் ஈ. கே. கிருஷ்ணன், சப்-ஜட்ஜ் வேலை பார்த்தவர். தோட்டத்திலும் பறவைகளிலும் பிரியம் உள்ளவர். அக்கா தங்கைகள் கல்யாணம் ஆகிப் போனார்கள். ஜானகி படிப்பைப் பிடித்துக்கொண்டார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்து, 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இரண்டு வருஷம் பேராசிரியர். 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

அந்த நிலையம் 1912-ல் தொடங்கியது. வடநாட்டுக் கரும்பு மெலிசு, மகசூல் குறைவு. தென்னாட்டுத் தடிக்கரும்பு வடக்கே குளிர் தாங்காது. பார்பர் துரையும் டி. எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள்? தடிக்கரும்பையும் நாணலையும் ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்தது கோ 205. 1918-ல் வெளியாகி, பஞ்சாப் வயலுக்குப் போனது. இனிப்பு கரும்பு கொடுத்தது. கஷ்டம் தாங்குகிற குணம் நாணல் கொடுத்தது.

கரும்புக்கு இனிப்பு ஏற்றியவரே ஜானகி அம்மாள்தான் என்று சில பேர் எழுதுகிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. அவர் வருவதற்கு 16 வருஷம் முன்பே கோ 205 வயலில் இறங்கிவிட்டது. இந்த ஒட்டு எப்படிப் பலித்தது, இன்னும் எந்தெந்தச் செடி சேரும் என்று உள்ளே போய்ப் பார்த்தவர் அவர்.

செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் நூல் துண்டு போலச் சில உறுப்புகள் இருக்கின்றன. குரோமோசோம் என்று பெயர். தாய் தகப்பன் குணத்தைப் பிள்ளைக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். நெல்லுக்கு 24, கத்தரிக்கு 24, தென்னைக்கு 32, தடிக்கரும்புக்கு 80. நாணலுக்கோ ஊருக்கு ஊர் மாறும். 40-லிருந்து 128 வரை உண்டு. ஆகவே பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் ஒரு ஊர் நாணலும் மறு ஊர் நாணலும் ஒன்றல்ல. இதையெல்லாம் எண்ணி, கரும்பை மற்றப் புல் இனங்களோடு சேர்த்துப் பார்த்தார். 1938-ல் கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த ஒட்டுச் செடியைப் பற்றி எழுதினார். அது வயலுக்கு வந்த ரகம் அல்ல. ஆனால் எது எதற்குச் சொந்தம் என்று தெரிந்தால்தானே சம்பந்தம் பேச முடியும்?

1939-ல் மாநாட்டுக்காகப் பிரிட்டன் போனார். உலக யுத்தம் மூண்டது, அங்கேயே தங்கினார். குண்டு விழுகிற லண்டனில் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் கணக்கை எல்லாம் ஒரே புத்தகமாக 1945-ல் வெளியிட்டார். பிறகு விஸ்லியில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம். அங்கே கால்கிசின் என்ற மருந்தைக் கொண்டு செடியின் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் வேலை. நம்ம பக்கத்துக் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிற கடும் விஷம்தான் அது. அப்படி அவர் வளர்த்த மக்னோலியா மரம் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1951-ல் பிரதமர் நேரு அழைக்க, தாய்நாடு திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அஸ்ஸாம் பக்கம் ஒரு மக்னோலியா இனத்தில் ஒரே ஒரு மரம் மிச்சம் இருக்கிறது என்று, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தேடிப் போனார். போய்ப் பார்த்தால் மரத்தை எரித்துவிட்டிருந்தார்கள்! அத்தனை காலம் அந்த மண்ணில் பழகி நின்ற குணம் ஒரு நாள் நெருப்பில் போயிற்று. அதைத் திரும்ப உண்டாக்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் ஆகாது.

1970-ல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எண்பது வயதுக்கு மேலே, கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கை அணை கட்டி முழுக்காட்டக் கூடாது என்று குரல் கொடுத்தார். 1983-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ம் தேதி மதுரவாயலிலேயே அவர் காலமானார். அந்த வருஷம் நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

"சரிங்க, நம்ம கீழவாஞ்சூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு. நம்மது காவிரிக் கடைமடை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையோரத்தில் உவர் ஏறின வயலுக்கு என்ன விதைப்பது என்று தவித்தபோது, குழியடிச்சான் போன்ற பழைய நெல்லைத் தேடிப் போனார்கள். யாரோ நாலு பேர் பத்தாயத்தில் விட்டு வைத்திருந்ததால்தான் கிடைத்தது. எல்லாரும் கழித்துக் கட்டியிருந்தால் எங்கே போவது?

நல்ல மகசூல் தரும் புது ரகத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்கள். கூடவே, வீட்டில் பழைய நெல்லோ, அவரையோ, கொல்லைக் கத்தரியோ இருந்தால் அதை அழிய விடாதீர்கள். விதையைப் பானையில் போட்டு மறந்தால் முளைப்பு போய்விடும்; வருஷா வருஷம் ஒரு சிறு பாத்தியில் விதைத்துப் புது விதை எடுங்கள். பெயர், ஊர், வருஷம் மூன்றையும் சீட்டில் எழுதிப் போடுங்கள். மண்ணெண்ணெயோ மருந்தோ இருந்த டப்பாவில் வைக்காதீர்கள். காரைக்காலில் ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. அபூர்வமாக ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே ஒரு பிடி கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வரப்பில் தானாக முளைத்த செடியைப் பிடுங்கும் முன், இது எந்தப் பயிருக்குச் சொந்தம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வீட்டில் செடி கொடியைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்கிற பெண் பிள்ளை இருந்தால், அதட்டாமல் பதில் சொல்லுங்கள். மேலே படிக்க வையுங்கள்.