அபினும் தேயிலையும்: நீலமலை சொல்லும் செய்தி

போதைக்கு அடிமையானவனைக் கண்டால் அவனது மன உறுதியின் குறைவையே உலகம் பேசுகிறது. அவனுக்கு அப்பழக்கத்தை ஊட்டிய வணிகத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பழக்கம் என்பது தனியொருவனின் நாவில் மட்டும் பிறப்பதன்று, கடைவீதியிலும் பிறக்கிறது. இவ்வுண்மைக்கு நீலமலையின் பசுந்தோட்டங்களே சான்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சீனத் தேயிலையின் சுவைக்கு ஆட்பட்டனர். அதற்கு விலையாக வெள்ளியை அள்ளிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்விழப்பை ஈடுசெய்யக் கிழக்கிந்தியக் கம்பெனி கண்ட வழி அபின். வங்காளத்தில் விளைந்த அபின், சீனம் தடைசெய்திருந்தும், தனி வணிகர் வழியே அந்நாட்டினுள் கடத்தப்பட்டது. ஒரு நாட்டின் பழக்கத்துக்கு விலை கொடுக்க மற்றொரு நாட்டுக்குப் பழக்கம் ஊட்டப்பட்டது! 1839இல் சீன அதிகாரி லின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதன் விளைவு போர். 1842இல் சீனம் தோற்றது.

சீனத்தையே நம்பியிராமல் தேயிலையை இந்தியாவிலேயே பயிரிட ஆங்கிலேயர் முனைந்ததும் அக்காலத்தில்தான். 1830களில் உதகையை அடுத்த கேத்திப் பண்ணையில் சீனத் தேயிலை சோதனையாக நடப்பட்டது. 1860களில் அது நீலகிரியின் வணிகப் பயிராயிற்று.

ஆயினும் அடிவாரத்தில் வாழ்ந்த தமிழர் தேநீரை அறியார். நீராகாரமும் மோரும் அவர்க்குப் போதுமானவையாயிருந்தன. 1903இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஏற்றுமதித் தேயிலைக்கு வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு விளம்பரம் நடத்தினர். 1930களின் மந்தத்தில் வெளிநாட்டு விற்பனை தளர்ந்ததும் இந்நாட்டு மக்கள்மீது கவனம் மிகுந்தது. தேநீர் காய்ச்சும் முறை இரயில் நிலையப் பலகைகளில் எழுதப்பட்டது. ஊர்தோறும் காய்ச்சிக் கொடுத்துச் சுவை காட்டப்பட்டது. இன்று தேநீர்க் கடையில்லாத தமிழ்ச் சிற்றூரைக் காண்பது அரிது.

வெளியே வணிகம் விதைத்ததை உள்ளே உடல் வேரூன்றச் செய்கிறது. களைத்த மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து ஓய்வு வேண்டுமென உணர்த்துகிறது. தேநீரிலுள்ள காஃபின், அது சென்று அமரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழ, மூளை அவ்விடங்களைப் பெருக்கிக்கொள்கிறது. பின்னர்த் தேநீர் கிடைக்காத நாளில் தலை வலிக்கிறது. ரமலானின் முதல் நோன்புகளில் லுஹர் வேளையில் பலருக்கு வரும் தலைவலியின் காரணங்களுள் இதுவும் ஒன்று. அபினிலோ இவ்வேதனை பன்மடங்கு கொடிது. இன்பம் நாடித் தொட்டவன், பின்னர்த் துன்பத்துக்கு அஞ்சியே அதை விடமாட்டாதவனாகிறான்.

தேநீரையும் அபினையும் ஒன்றெனக் கூறுவது நம் கருத்தன்று. 1511இல் மக்காவில் காப்பியும் தடைசெய்யப்பட்டது. 'கஹ்வா' என்ற அச்சொல் முன்னர் மதுவுக்கும் வழங்கியதே. எனினும் அறிவை மயக்குவது வேறு, விழிப்பூட்டுவது வேறு என்ற தெளிவு நாளடைவில் நிலைபெற்றது, காப்பி ஆகுமானதாயிற்று.

மது விலக்கப்பட்ட முறையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். முதலில் அதன் பயனினும் பாவமே பெரிதென உணர்த்தப்பட்டது. அடுத்து, போதையுடன் தொழுகையை நெருங்குதல் தடுக்கப்பட்டது. இறுதியாக அல்மாயிதா அத்தியாயத்தில் முற்றாக விலக்கப்பட்டது. வேரோடிய பழக்கத்தைப் படிப்படியாகவே அகற்ற வேண்டும் என்னும் மனித இயல்பின் அறிவு இதில் விளங்குகிறது.

மற்றொன்றும் உண்டு. மதுவின் பொருட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தோர் பதின்மர் என்பது ஹதீஸ். குடிப்பவன் அவர்களுள் ஒருவன் மட்டுமே. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் விலையை உண்பவன் ஆகியோரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். அபின் வணிகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். குடிப்பவனை மட்டும் இகழ்ந்து, விற்பவனுக்குச் சபையில் முதலிடம் தரும் சமுதாயம் பாதி நீதியே செய்கிறது. மீதியைச் செய்வது நம் அனைவரின் கடமை.